சுவரும் பந்தும்: செங்கல் உடைக்கும் விளையாட்டின் கதை



கொடும்பாளூர்க்காரன் ஞாயிற்றுக்கிழமை எழுதினால் அது மூவர் கோயிலாக இருக்கும், இருக்குவேளிராக இருக்கும், இல்லையென்றால் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போக இருந்த மூன்று வழியாக இருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். இன்று வீடியோ கேம் பற்றி எழுதப்போகிறேன். வாத்தியாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். இதுவும் வரலாறுதான். நடுவில் நம்மூர்க் கோயிலுக்கும் ஒரு நடை போய் வருவோம்.

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வராது. வரைய உட்கார்ந்தால் கை ஓடாது. "மனசு அடைச்சுப் போச்சு" என்போம். கதை எழுதுகிறவர், பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர், அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்ய வேண்டிய ஏழாம் வகுப்புப் பையன், எல்லோருக்கும் இது வரும். முன்னால் ஒரு சுவர் நிற்பது போல இருக்கும். அந்தச் சுவரையே விளையாட்டாக்கியவர்களின் கதை இது. அவர்கள் ஒவ்வொருவரும் எப்படி முட்டுச்சந்திலிருந்து வெளியே வந்தார்கள் என்று பார்த்தால், நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி கிடைக்கிறது.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். திரையின் மேல்பகுதியில் செங்கல் வரிசைகள். கீழே ஒரு மட்டை. அது இடமும் வலமும் மட்டும் நகரும். பந்து மட்டையில் பட்டு மேலே போகும். செங்கல்லில் பட்டால் அந்தச் செங்கல் மறையும், பந்து கீழே திரும்பும். பந்தைத் தவறவிட்டால் ஒரு வாய்ப்புப் போயிற்று. இதை டெட்ரிஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குவது. இது அடுக்கி வைத்ததை உடைப்பது. கம்ப்யூட்டர் சென்டர் காலத்துப் பிள்ளைகளிடம் "டிஎக்ஸ் பால்" என்று சொன்னால் உடனே புரியும்.

முதலில் வந்தது டென்னிஸ்

1972 ஜூனில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இருவர் அடாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்ற இளம் பொறியாளருக்குக் கை பழகட்டும் என்று புஷ்னெல் ஒரு சின்ன வேலை கொடுத்தார். திரையில் இரண்டு மட்டை, ஒரு பந்து, நடுவில் ஒரு கோடு. அதுதான் "பாங்". பயிற்சிக்காகச் செய்தது அந்த ஆண்டு இறுதிக்குள் மதுக்கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக வந்து பெரும் வெற்றி பெற்றது.

ஆனால் பாங் வானத்திலிருந்து விழவில்லை. ரால்ஃப் பேர் என்பவர் உருவாக்கிய "மேக்னவாக்ஸ் ஒடிஸி" என்ற கருவியில் இதே டென்னிஸ் இருந்தது. அதன் செயல்விளக்கத்தைப் புஷ்னெல் பார்த்திருந்தார். பின்னால் வழக்கு வந்தது. 1976இல் அடாரி உரிமத்தொகைக்கு ஒத்துக்கொண்டு சமரசமாகப் போயிற்று.

அப்படியானால் அல்கார்ன் என்னதான் புதிதாகச் செய்தார்? மட்டையை எட்டுத் துண்டாகப் பிரித்தார். நடுத்துண்டில் பட்டால் பந்து நேராகத் திரும்பும். ஓரத்தில் பட்டால் சாய்வாகப் பறக்கும். பந்து அடிபட அடிபட வேகம் கூடும்படியும் வைத்தார். மட்டைகள் திரையின் மேல்விளிம்பு வரை போகவில்லை. அது மின்சுற்றில் இருந்த குறை. எந்தப் பந்தும் தப்பாமல் ஆடினால் ஆட்டம் முடியவே முடியாது என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டார். இந்தச் சின்னச் சின்ன மாற்றங்களால்தான் மக்கள் மறுபடி மறுபடி காசு போட்டார்கள்.

எதிராளிக்குப் பதில் சுவர்

பாங் ஓடியதும் ஆளாளுக்கு அதைப் போலவே இயந்திரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அடாரிக்கு இப்போது முட்டுச்சந்து. பந்தும் மட்டையும் மக்களுக்குப் பழகிப்போயிற்று. அடுத்து என்ன?

புஷ்னெலும் ஸ்டீவ் பிரிஸ்டோ என்ற பொறியாளரும் யோசித்தது எளிமையான ஒன்று. பாங் ஆட இரண்டு பேர் வேண்டும். தனியாக வருபவர் என்ன செய்வார்? எதிராளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சுவரை வைத்தால்? அந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்தால்? மட்டை அதேதான், பந்தும் அதேதான். மாறியது எதிர்ப்பக்கம் மட்டும். 1976இல் வெளிவந்த அந்த விளையாட்டின் பெயர் "பிரேக்அவுட்".

அதற்கு மாதிரி செய்யும் வேலை அடாரியில் இருந்த ஸ்டீவ் ஜாப்ஸிடம் வந்தது. அவர் தம் நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக்கை அழைத்தார். வோஸ்னியாக் அப்போது ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தில் வேலையில் இருந்தார். பகலில் அங்கே வேலை, இரவில் இது. நான்கே நாளில் வடிவமைப்பு முடிந்தது. வோஸ்னியாக் வரைந்து கொடுக்க, ஜாப்ஸ் கம்பி சுற்றி இணைத்தார்.

இளைய நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இயந்திரத்துக்குள் புரோகிராம் என்று எதுவும் கிடையாது. பந்து துள்ளுவது, செங்கல் மறைவது, எண்ணிக்கை கூடுவது எல்லாமே சிப்களைக் கம்பியால் இணைத்து உண்டாக்கியவை. ஒரு சிப் குறைந்தால் செலவு குறையும். வோஸ்னியாக் ஐம்பதுக்கும் குறைவான சிப்களில் முடித்துவிட்டார். ஆனால் அது அவ்வளவு நெருக்கமாகப் பின்னிய வடிவமைப்பு என்பதால் தொழிற்சாலையில் செய்ய ஒத்துவரவில்லை. அடாரி வேறு வடிவமைப்பைச் செய்துதான் விற்றது. நான்கு இரவுத் தூக்கத்தைக் கெடுத்துச் செய்த வேலை கடைக்கு வரவேயில்லை. அது வீணாயிற்றா என்று அடுத்து பார்ப்போம்.

அதற்குமுன் கொஞ்சம் கணக்கு. வாத்தியார் கணக்கில்லாமல் விடமாட்டார். பிரேக்அவுட் சுவரில் 8 வரிசை, வரிசைக்கு 14 செங்கல், மொத்தம் 112. கீழிருந்து மேலாக இரண்டிரண்டு வரிசைக்கு மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. மதிப்பெண் 1, 3, 5, 7. ஒரு நிறத்துக்கு 28 செங்கல். ஆக 28 × (1+3+5+7) = 448. இப்படி இரண்டு சுவர். எல்லாவற்றையும் உடைத்தால் 896. இன்னொரு செய்தி: திரை கறுப்பு வெள்ளைதான். நிறத்தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் திரையின்மேல் ஒட்டியிருந்தார்கள். வண்ணத் திரை இல்லையே என்று யாரும் வேலையை நிறுத்தவில்லை.

ஒரு விளையாட்டுக்காக ஒரு கணினி

1977இல் ஆப்பிள் 2 கணினி வந்தது. வீடுகளுக்குக் கணினி போன வரலாற்றில் அது முக்கியமானது. அதில் வண்ணம் ஏன் வந்தது, ஒலி ஏன் வந்தது, திருகிவிட்டு ஆடும் கைப்பிடி ஏன் வந்தது? பிரேக்அவுட்டைத் தம் கணினியில் பேசிக் மொழியில் எழுதி ஆட வேண்டும் என்பதற்காகவே அவற்றில் பலவற்றைச் சேர்த்ததாக வோஸ்னியாக்கே சொல்லியிருக்கிறார். எழுதி முடித்ததும், செங்கல்லின் நிறத்தையும் மட்டையின் அளவையும் பந்தின் வேகத்தையும் நினைத்த நேரத்தில் மாற்ற முடிந்தது அவருக்கே வியப்பாக இருந்தது. கம்பி சுற்றிச் செய்த காலத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எவ்வளவு பாடு! தொழிற்சாலை ஏற்காத அந்த நான்கு இரவு வேலை வேறொரு வாசல் வழியாக உலகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஜப்பானில் அதே சுவர்

பிரேக்அவுட் ஜப்பானிலும் நன்றாக ஓடியது. டைட்டோ நிறுவனத்தில் டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் அதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்ய நினைத்தார். இருப்பதையெல்லாம் உடைத்துத் திரையைக் காலியாக்கும்போது வரும் நிறைவுதான் பிரேக்அவுட்டின் உயிர் என்று கண்டுகொண்டார். அதை வைத்துக்கொண்டு செங்கல்லை மட்டும் மாற்றினார். செங்கல் அசையாது, எதிரி அசைந்தால்? திருப்பிச் சுட்டால்? மனிதர்களைச் சுடுவது முறையல்ல என்பதால் வேற்றுலக உயிர்களை வைத்தார். ஆக்டோபஸ், நண்டு, கணவாய் மாதிரி உருவங்கள். அதுதான் 1978இல் வந்த "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்".

அவரிடம் இருந்த கருவிக்கு வேகம் போதவில்லை. திரையில் எதிரிகள் நிறைய இருந்தால் மெதுவாக நகர்ந்தார்கள். சுடச் சுட எண்ணிக்கை குறைந்ததும் வேகம் தானாகக் கூடியது. அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். கடைசி எதிரி ஓடுகிற ஓட்டத்தில் ஆடுபவர் நெஞ்சு படபடக்கும். குறையாக இருந்ததே ஆட்டத்தின் சுவையாயிற்று. அதே டைட்டோ நிறுவனம் 1986இல் திரும்பச் செங்கல்லுக்கே வந்து "அர்கனாய்டு" செய்தது. சில செங்கல் உடைந்தால் ஒரு குப்பி விழும். அதைப் பிடித்தால் மட்டை நீளும், இல்லை பந்து மூன்றாகும். பழைய சுவரில் ஒரே ஒரு புது வாசல்.

கொஞ்சம் நம் பக்கம் பார்ப்போம்

செங்கல் என்றதும் எனக்கு மண்டகப்பட்டு நினைவுக்கு வருகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் அங்கே இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இதை விசித்திரசித்தன் அமைத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. புதுமையை நாடும் மனம் கொண்டவன் என்று பொருள். அவன் தன் புதுமையை எப்படிச் சொல்கிறான் பாருங்கள். "நான் இதைச் சேர்த்தேன்" என்று சொல்லவில்லை; "இவை இல்லாமல் செய்தேன்" என்கிறான். கோயில் பழையது, தெய்வங்கள் பழையவை, தூணும் மண்டபமும் பழையவை. மாறியது பொருள் ஒன்றுதான்.

இப்போது மூவர் கோயிலுக்கு வாருங்கள். பூதி விக்கிரமகேசரி தன் பெயரால் ஒன்றும், தேவியர் கற்றளி, வரகுணை பெயரால் இரண்டுமாக எடுத்த மூன்று தளிகளில் இரண்டு நிற்கின்றன. வடக்கே இருந்ததற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். நிற்கும் விமானங்களில் கொடுங்கையைப் பாருங்கள். வளைந்து இறங்கும் அந்தக் கல் விளிம்பு நம் கூரைவீட்டுத் தாழ்வாரத்தின் வளைவு. கல்லுக்கு அந்த வளைவு தேவையே இல்லை. மரத்திலும் கூரையிலும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப் பழகிய வடிவத்தைத் தச்சன் கல்லுக்கு மாற்றினான். அந்தக் கொடுங்கைக்குக் கீழே ஒன்றுபோல ஒன்று இல்லாத பூதகணங்களைச் சிரிக்க வைத்தும் ஆட வைத்தும் தன் கைவரிசையைக் காட்டினான். பழைய வடிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டதால்தான் புதியதைத் தைரியமாகச் செய்ய முடிந்தது என்று எனக்குப் படுகிறது.

பதினாறு செங்கல்

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். அவள் அப்பா என்னிடம் படித்தவர். ஸ்கிராட்ச் என்ற மென்பொருளில் ஒரு விளையாட்டு செய்து கொடுக்க வேண்டும், போட்டி. கட்டளைகளைக் கட்டை கட்டையாகக் கோத்துப் புரோகிராம் செய்கிற முறை அது. அமெரிக்காவின் எம்ஐடியில் 2007இல் வெளியிட்டது, இலவசம். "இதுவரை யாரும் செய்யாததாக இருக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் சாயங்காலம் என் பழைய மடிக்கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாள். நான்காம் நாள், "நான் பேரை எடுத்துக்கிறேன் சார்" என்றாள்.

மேலே எழுதிய கதையைத்தான் அவளிடம் சொன்னேன். "எல்லாரும் செஞ்சதை முதல்ல செய் தாயி. அப்புறம் ஒண்ணே ஒண்ணை மாத்து" என்றேன்.

முதல் நாள் பந்து மட்டும். இரண்டாம் நாள் மட்டை. ஒரு சிக்கல் வந்தது. பந்து செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் மேலும் கீழும் போய் வந்தது. மூலைச் செங்கல்லுக்குப் போகவேயில்லை. அல்கார்னின் எட்டுத் துண்டைச் சொன்னேன். அவள் அதை ஒரே வரியில் முடித்துவிட்டாள். பந்தின் கிடைமட்ட இடத்திலிருந்து மட்டையின் இடத்தைக் கழித்து, வரும் எண்ணையே திசையாக வைத்தாள். ஸ்கிராட்சில் 0 என்றால் நேர் மேலே, 90 என்றால் வலது. மட்டையின் நடுவில் பட்டால் கழித்தல் விடை 0, பந்து நேராகப் போகும். நடுவுக்கு வலப்பக்கம் 40 புள்ளி தள்ளிப் பட்டால் 40 டிகிரி வலப்பக்கமாகச் சாயும். செங்கல்லில் பட்டால் 180இலிருந்து பழைய திசையைக் கழிக்க வேண்டும். 30 டிகிரியில் போன பந்து 150இல் திரும்பும். ஏழாம் வகுப்புக் கணக்குதான்.

மூன்றாம் நாள் செங்கல். திரையின் அகலம் 480 புள்ளி. ஒரு செங்கல் 120. வரிசைக்கு நான்கு, நான்கு வரிசை. அப்போதுதான் கேட்டாள், "சார், செங்கல்லுல எழுதலாமா?" அவளை மூன்று நாள் எழுந்து போகவைத்த காரணங்களை ஒவ்வொன்றாக எழுதினாள். "எனக்கு வராது." "சிரிப்பாங்க." "நாளைக்குப் பாத்துக்கலாம்." "அவ நல்லா செய்வா." "நேரமில்லை." இப்படிப் பதினாறு. சுவருக்குப் பின்னால் அவள் வரைந்த படம்: மூவர் கோயிலின் இரண்டு விமானம், பக்கத்தில் மேடை மட்டும். செங்கல் விழ விழ அது தெரிந்தது.

நான் ஆடிப் பார்த்தேன். "இது ஏற்கனவே இருக்கு" என்று எழுதிய செங்கல் மட்டும் எத்தனை முறை பட்டும் உடையவில்லை. "ஏன் தாயி இது போகமாட்டேங்குது?" என்றேன்.

"அது உண்மைதானே சார். ஏற்கனவே இருக்கத்தானே செய்யுது. அதைச் சுத்தித்தான் போகணும்."

நான் சொல்லிக் கொடுத்தது இல்லை இது.

உலகத்தில் ஒரு இயந்திரமும் இதையே கண்டுபிடித்தது. லண்டனில் இருக்கும் டீப்மைண்ட் நிறுவனம் அடாரி விளையாட்டுகளை ஆடப் பழகும் ஒரு புரோகிராமைச் செய்தது. 2013இல் முதல் கட்டுரை, 2015இல் நேச்சர் இதழில். விதிகள் எதையும் சொல்லித் தரவில்லை. திரையையும் மதிப்பெண்ணையும் மட்டும் காட்டினார்கள். பல நூறு ஆட்டம் ஆடியபின் பிரேக்அவுட்டில் ஒரு வழியைக் கண்டுகொண்டது. சுவர் முழுவதையும் முட்டாமல் ஓரத்தில் ஒரு சந்தை உடைத்தது. அதன் வழியே பந்தைச் சுவருக்குப் பின்னால் அனுப்பிவிட்டால், பந்து மேலேயே துள்ளித் துள்ளி மிச்சத்தை உடைத்துக்கொள்ளும். ஒரு ஓரத்தில் பந்து நுழைகிற அளவு வழி போதும்.

ஆசிரிய நண்பர்களுக்கு

"காப்பி அடிக்கச் சொல்கிறீர்களா சார்?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. பாங்கை அப்படியே நகலெடுத்த இயந்திரங்களின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒன்றை மாற்றிய பிரேக்அவுட்டும் ஸ்பேஸ் இன்வேடர்ஸும் நிற்கின்றன. எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒடிஸி வழக்கே பாடம். அந்தப் பெண்ணும் தன் விளையாட்டின் முகப்பில் "1976இல் வந்த பிரேக்அவுட்டைப் பார்த்துச் செய்தது" என்று எழுதித்தான் கொடுத்தாள்.

நம் வீட்டில் கோலம் கற்றுக்கொள்வது எப்படி? அம்மா வைத்த புள்ளியில் அம்மா போட்ட கோலத்தைப் போட்டுப் பழகி, பிறகு ஒரு சுழியை மாற்றுவார்கள். நாலாவது மார்கழியில் அது அந்த வீட்டுப் பெண்ணின் கோலமாகிவிடும். முதல்நாளே "யாரும் போடாத கோலம் போடு" என்று சொன்னால் வாசல் வெறுமையாகத்தான் கிடக்கும்.

அரசுப் பள்ளிகளில் இன்று ஹைடெக் லேப் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை உட்கார வைத்து, "புதிதாகச் செய்" என்று சொல்வதற்குப் பதில் மூன்று சொல்லுங்கள். தெரிந்த ஒன்றைச் செய். அதில் ஒன்றை மாற்று. யாரிடமிருந்து எடுத்தாய் என்று எழுது. கட்டுரைக்கும் ஓவியத்துக்கும் அறிவியல் மாதிரிக்கும் இது பொருந்தும்.

போட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முடிவு இன்னும் வரவில்லை. பேரை எடுக்காமல் கொடுத்தாள். எனக்கு அது போதும். இப்போது அவள் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் வேறு வேறு சுவர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் சுவரில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். அடுத்த ஞாயிறு மூவர் கோயில் பூதகணங்களோடு சந்திப்போம்.